தலை எரிந்தது, குச்சி பிடிக்கவில்லை

1. சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று காலை, ஈப்போவிலிருந்து செமோர் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஆய்வகத்தின் நைட்ரஜன் அறையைக் கழுவித் துடைத்துக் கோலம் போட்டோம்.

2. அது சின்ன அறை. உள்ளே மூன்று இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆக்ஸிஜன் வேறு வேறு அளவு. குறைக்க வேண்டிய பெட்டிக்குள் நைட்ரஜனை விட்டுக்கொண்டே இருப்போம். அது உள்ளிருக்கும் ஆக்ஸிஜனைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அன்று புது மாதிரிகள் வைத்திருந்ததால் நைட்ரஜன் வேகமாக ஓடியது.

3. ஆயுத பூஜை என்றால் மெஷின் நிற்க வேண்டும். பெட்டிகளை நிறுத்தினால் பல மாதச் சோதனை கெட்டுவிடும். நிறுத்தினாலும் சோதனை கெடாதது ஒன்றே ஒன்றுதான்: பெட்டிகளிலிருந்து வரும் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன். எங்கள் டெக்னீஷியன் மணியம் அண்ணன் அதை நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைத்தார்.

4. சாம்பிராணிப் புகைக்கு அலாரம் கத்தும் என்று, சுவரில் இருந்த இரண்டு வெள்ளைப் பெட்டிகளுக்கும் பசாரில் கொடுத்த பிளாஸ்டிக் பைகளை மாட்டினார்கள். ஒன்று புகைக்குக் கத்துவது. மற்றது ஆக்ஸிஜன் குறைந்தால் கத்துவது.

5. குத்துவிளக்கு அணைந்தது. காற்று என்று நினைத்துக் கதவைச் சாத்தினோம். ஏற்றினோம். மறுபடியும் அணைந்தது. கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினோம்.

6. மணியம் அண்ணன் லைட்டரைத் தட்டினார். பொறி வந்தது, தீ வரவில்லை. "காஸ் முடிஞ்சிபோச்சிலா" என்றார்.

7. நான் என் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசினேன். தலை சீறி எரிந்தது. குச்சி பிடிக்கவில்லை. இன்னொன்று உரசினேன். அதுவும் அப்படியே.

8. கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். குரலை உயர்த்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

9. கடைசியாக வந்தவர் ஜெசிந்தா அக்கா. எல்லோரையும்விட அதிக நேரம் அறைக்குள் இருந்தவரும் அவர்தான். ஏழு மாதக் கர்ப்பம். வாசலில் கிடந்த பலகையில் உட்கார்ந்து, வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "கலை, புள்ள அசையல" என்று என்னிடம் சொன்னார்.

இந்த ஆண்டு ஆயுத பூஜை போன வாரம் முடிந்தது. சிவகாசியில் இருக்கும் என் ஊர்க்காரர்களான உங்களுக்கு இதை எழுத எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. முடிவு தெரியாமல் எழுதக்கூடாது என்று காத்திருந்தேன். இப்போது தெரியும்.

*

அந்தத் தீக்குச்சியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீஸில் ஒரு கோடை விடுமுறை வேலை பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும், குச்சியின் தலையில் இருக்கும் மருந்து தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே வைத்திருக்கிறது. வெளிக்காற்றிடம் அது எதுவும் கேட்பதில்லை. மரம் அப்படியல்ல. மரம் எரிய வேண்டுமானால் அறையில் இருக்கும் காற்று உதவ வேண்டும். தலை எரிந்து குச்சி பிடிக்கவில்லையென்றால் குச்சி நனைந்திருக்க வேண்டும், அல்லது காற்றில் ஆக்ஸிஜன் போதவில்லை. என் தீப்பெட்டி நனையவில்லை. அம்மா அனுப்பும் பொட்டலத்தில் முறுக்குக்கு நடுவில் வைத்து அனுப்பியது.

என் வேலையே இதுதான் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ரப்பர் பட்டைகளை இழுத்துக் கட்டி, ஆக்ஸிஜன் அதிகமுள்ள பெட்டியிலும் குறைவான பெட்டியிலும் தொங்கவிட்டு, எது எப்போது வெடிப்பு விடுகிறது, எது எவ்வளவு பலம் இழக்கிறது என்று அளப்பவள் நான். ரப்பரைக் கிழடாக்குவது பெரும்பாலும் ஆக்ஸிஜன்தான். கையுறை, டயர், மருத்துவக் குழாய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பேரா மாநிலத்தில் கையுறைத் தொழிற்சாலைகள் உண்டு; பால்மரம் என்று இங்கே சொல்லும் பழைய ரப்பர் தோட்டங்களும் உண்டு; ஆகவே எனக்கு வேலையும் உண்டு.

ஜெசிந்தா அக்கா உயிருள்ள பக்கம். பாரிட் புந்தாரிலிருந்து வரும் நெல் விதைகளைக் குறைந்த ஆக்ஸிஜனில் முளைக்க வைத்துப் பார்ப்பவர். வெள்ளம் நின்ற வயலில் எந்த ரகம் பிழைக்கும் என்பது அவருடைய கேள்வி. காற்றில்லாத தண்ணீருக்கடியில் நெல் முதலில் குருத்தை மட்டும் மேலே நீட்டும், வேரை அப்புறம்தான் விடும் என்று முதல் நாளே எனக்குக் காட்டினார். புலம்பெயர்ந்தவர்களுக்கு அழகான உவமை என்று என் கணவர் சொன்னார். எனக்கு அதை உவமையாக்கப் பிடிக்கவில்லை. அது நெல்.

சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த கிறிஸ்தவர் அவர். திருமணமாகிப் பல வருடம் கழித்து உண்டான முதல் குழந்தை. பூஜைக்கு வர வேண்டிய கட்டாயமே இல்லை. "பொரி கடலைக்கு மதம் கெடையாதுலா" என்று சொல்லிக்கொண்டு வந்து, பழத்தட்டை அடுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் தண்ணீருக்கும் பூவுக்கும் வெளியே போய் வந்தபோது அவர் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து உள்ளேயே இருந்தார். கொட்டாவி விட்டார். "பசியாறிட்டு வந்தா இப்படித்தான், தூக்கம் வருது" என்றார். நாங்கள் சிரித்தோம்.

ஆக்ஸிஜன் குறைவதை உடம்பு நேரடியாக உணராது. மூச்சு முட்டுவதெல்லாம் கரியமில வாயு சேர்வதால் வருவது. நைட்ரஜன் சேரும்போது அது நடக்காது. நுரையீரல் வழக்கம்போல் இழுக்கும், விடும். இது எனக்கும் அவருக்கும் பாடமாகவே தெரியும்.

*

சிவகாசியில் அப்பா ஆஃப்செட் மெஷின் ஓட்டுபவர். தீபாவளி, காலண்டர் சீசனில் நிற்காத மெஷின் ஆயுத பூஜையன்று நிற்கும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். மசி வாடையும் வாழைக்கன்று வாடையும் கலந்து வரும். மெஷின் ஓய்வெடுக்கிறது, தொடாதே என்பார் அப்பா. என் புத்தகங்களும் ஓய்வெடுத்தன என்பதால் எனக்கு ஆட்சேபணை இருந்ததில்லை.

ஈப்போவில் ஆயுத பூஜைக்குப் பொது விடுமுறை கிடையாது. வீட்டுப் பூஜையில் என் ஆறு வயது மகள் புத்தகத்துக்குப் பதிலாக டேப்லெட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மத்தியானமே வந்து, "அம்மா, அது ரெஸ்ட் எடுக்குதுலா, சார்ஜர்ல போட்டு ரெஸ்ட் எடுக்கட்டுமா?" என்றாள். அந்த 'லா'வை நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன். 'எடுக்கட்டுமா' சரியாக வருகிறது, அது போதும்.

அதனால் ஆய்வகத்தில் பூஜை என்று மணியம் அண்ணன் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நீங்கள் ஊகிக்கலாம். அவர் ஐம்பதைத் தாண்டியவர். கட்டடத்தில் எங்கே இருந்தாலும் குரல் கேட்கும். தோட்டத்தில் ரப்பர் ஆலையை ஸ்டோர் என்பார்கள். அவருடைய அப்பா அங்கே வேலை பார்த்தவர்.

"தங்கச்சி, ஸ்டோருல எல்லா மிஷினும் நிறுத்திட்டுதான் சாமி கும்புடுவாங்க. இங்க எல்லாம் ஓடிக்கிட்டே இருந்தா சாமி எத பாக்கும்? ஒண்ணாச்சும் நிக்கணும்."

"பெட்டிய நிறுத்த முடியாதுண்ணே."

"தெரியும்லா. ஃபேன நிறுத்துவோம். வெளக்குக்கும் நல்லது."

நானும் தலையாட்டினேன். எல்லோரும் தலையாட்டினோம். ஒரு மெஷினாவது நிற்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் அவ்வளவு இயல்பாகப் பட்டது. அங்கே வேறு ஆட்கள் இருந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. அவர்களுக்கு எதையும் நிறுத்தத் தோன்றியே இருக்காது.

*

மருத்துவமனைக்கு மணியம் அண்ணன்தான் காரை ஓட்டினார். நான் பின் இருக்கையில் ஜெசிந்தா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கலை, நெல்லு மூச்சு இல்லாமலே மொளைக்குதுல்ல?"

"ஆமாக்கா."

"அப்ப புள்ளைக்கும் ஒண்ணும் ஆவாதுல்ல?"

நெல்லை வைத்துக் குழந்தையைச் சொல்ல முடியாது என்பது அவருக்கே தெரியும். நான் அவர் கையை விடவில்லை.

முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டி, கம்பியை மெஷினில் செருகினார்கள். முதலில் இரைச்சல் மட்டும் வந்தது. நர்ஸ் பட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். ஜெசிந்தா அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் தொழிற்சாலைச் சீருடையோடு ஓடி வந்து, திரைக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே வரத் தைரியமில்லாமல் என்னைப் பார்த்தார்.

பிறகு அது வந்தது. வேகமாக, விடாமல், தட்டித் தட்டி. அப்பாவின் ஆஃப்செட் மெஷின் நல்ல நாளில் தாள் இழுக்கும் வேகம். இதை எழுதும்போதும் அது கேட்கிறது.

"நல்லா இருக்கு," என்றார் டாக்டர். "ரொம்ப நேரம் இருந்திருந்தா வேற. இது உயரமான மலையில கொஞ்ச நேரம் நின்ன மாதிரி. பேபி தாங்கும்." கொஞ்ச நேரத்தில் குழந்தை உதைத்தது. ஜெசிந்தா அக்கா, "ஐயோ, வலிக்குதுலா" என்று சொல்லி அழுதார். அந்தோணி அண்ணன் அப்போதுதான் திரையை விலக்கினார்.

வெளியே பெஞ்சில் இருந்த மணியம் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "நான் உள்ள போய் பாக்கட்டுமா?" என்றார். கேட்டு வந்தேன். வேண்டாம் என்று ஜெசிந்தா அக்கா சொல்லிவிட்டார்.

*

விசாரணைக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். மலாய்க்காரர், ஓய்வுபெறும் வயது, மிகவும் மரியாதையானவர். அறிக்கையை நான் மலாயில் எழுத வேண்டியிருந்தது. என் மலாய், கடையில் பொருள் வாங்கும் அளவு. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று நீண்ட நேரம் யோசித்து, கடைசியில், 'மின்விசிறிக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது' என்று பொருள்படும்படி எழுதினேன்.

அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "விசிறிக்கு என்ன, உடம்பு சரியில்லையா?"

ஆயுத பூஜையை விளக்கினேன். தேவையான சொற்கள் என்னிடம் இல்லை. கருவிகளுக்கு நன்றி சொல்லும் நாள், அன்று அவற்றை வேலை வாங்கக்கூடாது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நாங்களும் புது கார் வாங்கினால் டோவா ஓதி வேண்டிக்கொள்வோம்," என்றார். "ஆனால் பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஓத மாட்டோம்."

அதற்குமேல் அவர் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபேன் நின்றால் நைட்ரஜனும் தானாக நிற்கும்படி இணைப்பு வேண்டும். ஆக்ஸிஜன் அலாரத்தைச் சிவப்பு நிறத்தில் மாற்ற வேண்டும். அறைக்குள் தீ கூடாது. இவை செய்யும்வரை அறை மூடப்பட்டது. மணியம் அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் தரப்பட்டது. வேலை போகவில்லை. அன்று தலையாட்டிய எங்கள் எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு. எனக்கு இது நியாயமாகப் பட்டது.

ஜெசிந்தா அக்காவுக்கு எதுவும் நியாயமாகப் படவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: குழந்தையின் மூளைக்கு எதுவும் ஆகவில்லை என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதை யார் தர முடியும்? ஸ்கேன் நன்றாக இருக்கிறது, துடிப்பு நன்றாக இருக்கிறது, பிறந்து வளரும்போதுதான் மீதி தெரியும் என்றார் டாக்டர்.

பெண் குழந்தை, குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகப் பிறந்தாள். நன்றாக அழுதாள். மிரியம் என்று பெயர். பார்க்கப் போன எல்லோரும் மூக்கு யாருடையது என்று பேசினார்கள். ஜெசிந்தா அக்கா என்னிடம் மட்டும், "கையத் தட்டுனா திரும்புறாளான்னு பாரு" என்றார். தட்டினேன். திடுக்கிட்டாள். "அது திடுக்கிடுறது. திரும்புறது வேற" என்றார். அவர் விஞ்ஞானி, சமாதானம் சொல்லி அவரை ஏமாற்ற முடியாது.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு பயம் முடிந்து அடுத்தது தொடங்கியது. கண் பொம்மையைப் பின்தொடர்கிறதா. கழுத்து நிற்கிறதா. குப்புற விழுகிறாளா. ஒவ்வொன்றும் நடந்ததும் எனக்கு வீடியோ வரும், கீழே 'ஓகே' என்று ஒரு சொல். நானும் 'ஓகே' என்று போடுவேன். இதைவிட நீளமாக எங்களுக்குள் எதுவும் தேவைப்படவில்லை.

மணியம் அண்ணனோடு அவர் பேசவேயில்லை. பிரசவ விடுமுறை முடிந்து வந்த பிறகும் அப்படியே. வேலை விஷயத்தை என்னிடம் சொல்வார். பக்கத்தில் நிற்கும் அண்ணனுக்கு நான் சொல்ல வேண்டும். "அண்ணன்கிட்ட சொல்லு, மூணாம் பெட்டி பம்ப் சத்தம் போடுது." "அக்காகிட்ட சொல்லு, மாத்திட்டேன்." இரண்டு அடி இடைவெளியில் நின்றுகொண்டு இருவருக்கும் நான் தூது போனேன். கட்டடத்தில் மணியம் அண்ணன் குரல் கேட்பது குறைந்தது. அந்தோணி அண்ணன் மூலமாக வாராவாரம் ஆற்று மீன் அனுப்பினார். அக்கா மீனைச் சமைத்தார், நன்றி சொல்லவில்லை.

*

இந்த ஆண்டு பூஜையைக் கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்தோம். மெஷின்களைத் தூக்கி வர முடியாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தோம்: பெட்டிக்கு அதன் ரப்பர் வளையம், பம்புக்கு ஒரு ஸ்பேனர், என் இழுவை எந்திரத்துக்கு அதன் பிடி. அறையில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

மணியம் அண்ணன் வரவில்லை. அறைக்குள் ஏதோ துடைத்துக்கொண்டிருந்தார். கூப்பிடப் போனேன். "நீங்க கும்புடுங்க தங்கச்சி. நான் கை வச்சா வெளங்காது" என்றார்.

திரும்பி வந்தபோது ஜெசிந்தா அக்கா காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் மிரியம், மஞ்சள் கவுனில். நடந்ததைச் சொன்னேன். அவர் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நேராக அறை வாசலுக்குப் போனார். உள்ளே போகவில்லை. வாசலிலிருந்தே, "அண்ணே!" என்றார்.

துடைக்கும் சத்தம் நின்றது.

"இந்த வருசம் எத நிறுத்தப் போறீங்க?"

அவர் வெளியே வந்தார். கையில் துணி.

"ஒங்க வாய நிறுத்தியாச்சு, அது போதும்லா. ஒரு வருசமா ஓடல. ஆயுத பூஜ முடிஞ்சா திரும்ப ஓட்டணும்ல?"

மிரியம் அவர் கையிலிருந்த துணியை இழுத்தாள். அவர் விட்டுவிட்டார். அவள் அதை வாயில் வைக்கப் போனாள். "ஏய், ஏய், அழுக்குலா!" என்று அவர் போட்ட சத்தம் கொட்டகைவரை கேட்டது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி அவரையே பார்த்தாள். வலது கையால் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையை அவர் மூக்குக்கு நீட்டினாள்.

ஜெசிந்தா அக்கா என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் குழந்தையை மணியம் அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் பொரி எடுக்கப் போனார்.

*

இன்றைய நிலை இது. ரப்பர் சோதனையைத் தாமதமாக மறுபடி தொடங்கினோம், ஒழுங்காக ஓடுகிறது. என் வேலை பெர்மிட் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. மணியம் அண்ணனும் ஜெசிந்தா அக்காவும் நேராகப் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் சண்டைதான். மிரியத்துக்குப் பத்து மாதம் முடியப்போகிறது. நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். நேற்று முன்தினம் கிளினிக்கில் எடை, உயரம், காது, கண், கை கால் எல்லாம் பார்த்தார்கள். இனிமேல் இந்தக் குழந்தைக்குத் தனிப் பரிசோதனை தேவையில்லை, மற்றக் குழந்தைகளைப்போல ஒரு வயதில் தடுப்பூசிக்கு வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.